பெட்ரோல் டேங்கிலிருந்து பின்னிருக்கைக்கு: போடி மலைச்சாலையில் குழந்தைப் பயணம் குறித்த ஓர் ஆய்வு

மோட்டார் சைக்கிள் என்பது உள்ளெரி இயந்திரத்தால் இயங்குவதும், முன்னும் பின்னுமாக இரு சக்கரங்களைக் கொண்டதும், ஓட்டுபவரும் உடன் செல்பவரும் வளர்ந்த மனிதர்களாகவே இருப்பர் என்ற நம்பிக்கையில் வடிவமைக்கப்பட்டதுமான ஊர்தியாகும். குழந்தை என்பது, இவ்வாய்வின் தேவையளவில், ஒன்பது மாதம் முதல் ஏறத்தாழ எட்டு வயது வரையுள்ளதும், கால்மிதியைக் கால் எட்டாததும், புறப்படும்போது வேண்டாம் என்று தள்ளிய தண்ணீரை வண்டி நகர்ந்தபின் கேட்பதுமான பயணியாகும். இவ்விரு வரையறைகளும் ஒன்றோடொன்று இசையாதவை என்பது படித்த மாத்திரத்தில் விளங்கும். இசையாத இவ்விரண்டையும் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் மக்கள் அன்றாடம் இசைத்து வருவதால், அந்நடைமுறைகளை ஒழுங்குபடுத்தி, கொள்ளத்தக்கதைக் கொண்டு தள்ளத்தக்கதைத் தள்ளுவது இக்கட்டுரையின் நோக்கமாகிறது.

போடியை ஆய்வுக்களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. சமவெளி ஊர்களில் குழந்தையை வண்டியில் ஏற்றுவது ஒரு செயல். போடியில் அது பயணம். ஊரிலிருந்து மேற்கே முந்தல் வரை தட்டையாகச் செல்லும் கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை, அங்கிருந்து மலையேறத் தொடங்கி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, 4,000 அடிக்கு மேலுள்ள போடிமெட்டில் கேரள எல்லையைத் தொடுகிறது. அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை என ஏலத்தோட்டங்கள் தொடர்கின்றன. தோட்ட வேலைக்குச் செல்வோர் ஜீப்புகளில் நெருக்கியடித்து விடியற்காலையிலேயே மேலேறிவிடுகின்றனர். சிறு அளவில் ஏலம் பயிரிடுவோரும், கணக்கப்பிள்ளைகளும், மேலே பெண் கொடுத்தோரும் கீழே பெண் எடுத்தோரும் இருசக்கர வாகனத்தில் செல்கின்றனர். இவர்களுள் கணிசமானோர் குழந்தையுடன் செல்கின்றனர், ஏனெனில் மேலேயுள்ள தாத்தாவுக்குக் காட்டவேண்டியது குழந்தையைத்தான்.

இம்மலையில் மென்மையான சரக்கை ஏற்றியிறக்கும் கலைக்கு நெடிய வரலாறு உண்டு. மூணாற்றுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, பின்னர் மாட்டுவண்டியில் போடி வந்துசேர்ந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையைக் கொண்டுபோயிற்று. தேயிலைப் பெட்டி அசையாமல் வரவேண்டும் என்பதற்காக இத்தனை பொறியியல் செலவிடப்பட்ட அதே சரிவில், குழந்தை அசையாமல் வரவேண்டும் என்பதற்கான பொறியியல் ஒரு முழத்துணியோடு நின்றுவிட்டது. குரங்கணிப் பகுதி மலைகளில் வாழும் முதுவர் என்னும் பழங்குடியினர் குழந்தைகளைத் துணியால் முதுகில் கட்டிச் சுமக்கும் மரபினர். அவர்தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியபோது மீனாட்சியம்மனையே முதுகில் சுமந்து வந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. துணியால் முதுகில் கட்டுதல் என்ற இந்நுட்பம் பின்னர் ஒன்றிய அரசின் அரசிதழில் வேறு பெயரில் தோன்றவிருப்பதால், வாசகர் இதனை நினைவில் வைத்தல் நலம்.

இனி, இருக்கை பற்றிய கொள்கைகளைக் காண்போம். மோட்டார் சைக்கிளில் குழந்தை அமரத்தக்க இடங்கள் மூன்று. ஓட்டுபவருக்கு முன்னே பெட்ரோல் டேங்கின் மீது அமர்வது முன்னிருப்பு. ஓட்டுபவருக்கும் பின்னமர்ந்த தாய்க்கும் இடையே அமர்வது நடுவிருப்பு. வேறெவரும் இன்றித் தனியே பின்னால் அமர்வது பின்னிருப்பு. முன்னிருப்புக் கொள்கையினர் பெரும்பாலும் குழந்தைகளும் தந்தையரும் ஆவர். நடுவிருப்புக் கொள்கையினர் பாட்டிமார். பின்னிருப்புக் கொள்கைக்குச் சட்டத்தைத் தவிர வேறு ஆதரவாளர் இல்லை.

முன்னிருப்பின் வேர்கள் மொபெட்டில் உள்ளன. 1980இல் ஓசூரில் உருவான டி.வி.எஸ். 50, இருவர் அமரத்தக்க முதல் இந்திய மொபெட் என்ற பெருமையுடன் வந்தது; அதன் வழித்தோன்றலான எக்ஸ்.எல். இன்று போடிச் சந்தையின் பொதுச்சுமையாளாக விளங்குகிறது. ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னே தட்டையான வெற்றிடம் உடையதும், பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு மூட்டை ஏற்றத்தக்கதுமான அவ்வண்டியில், காலையில் ஏலக்காய்ச் சாக்கு நின்ற இடத்தில் மாலையில் குழந்தை நிற்கிறது. இவ்வாறு முன்னே நின்று பழகிய குழந்தை, தந்தை வசதி பெருகி மோட்டார் சைக்கிள் வாங்கும்போது, அங்கே நிற்க இடமில்லாத நிலையில் டேங்கைத் தன் பரம்பரை உரிமையாகக் கொள்கிறது. ஆனால் டேங்க் இருக்கை அன்று. அது வளைந்த இரும்பு. நடுவே மூடி புடைத்திருக்கும். போடியின் சித்திரை வெயிலில் சந்தை வாசலில் சற்றுநேரம் நின்றாலே டவுசர் அணிந்த தொடையால் அதைத் தொட இயலாது. மலை ஏறும்போது குழந்தை தந்தையின் வயிற்றை நோக்கிச் சரியும், இது இனிது. இறங்கும்போது ஹேண்டில்பாரை நோக்கிச் சரியும், இது இனிதன்று. திடீரென பிரேக் பிடிக்கையில் தந்தையின் உடல் முழு எடையுடன் முன்னே வந்து, இடைப்பட்ட குழந்தையை ஹேண்டில்பாரோடு அழுத்துகிறது. தந்தை குழந்தையைக் காக்கிறார் என்று சாலையோரத்தார் கருதும் அதே அணைப்பு, இயற்பியலின் கணக்கில் மோதும் பொருளின் எடையைக் கூட்டுவதாகவே அமைகிறது. இவ்விடத்தில் நகைப்புக்கு இடமில்லை, முன்னிருப்பு தள்ளத்தக்கது.

சட்டமும் அவ்வாறே கூறுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, ஓட்டுபவரைத் தவிர ஒருவரை மட்டுமே ஏற்றலாம் என்றும், அவரும் ஓட்டுபவருக்குப் பின்னே உறுதியாகப் பொருத்தப்பட்ட முறையான இருக்கையில் அமரவேண்டும் என்றும் விதிக்கிறது. இதன்படி முன்னிருப்பும் நடுவிருப்பும் ஒரே வீச்சில் வீழ்கின்றன. ஏனெனில் குழந்தையும் ஒருவரே, அரைவர் என்ற எண் சட்டத்தில் இல்லை. போடிமெட்டைத் தாண்டினால் இச்சிக்கல் மேலும் சுவையாகிறது. 2023 ஜூன் மாதம் கேரளச் சாலைகளில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் அபராதம் விதிக்கத் தொடங்கியபோது, 12 வயதுக்குட்பட்ட குழந்தை மூன்றாமவராகச் சென்றால் ஒன்றிய அரசின் முடிவு தெரியும்வரை அபராதம் இல்லை என்று அம்மாநில அரசு அறிவித்தது. அத்தகைய விலக்குக்குச் சட்டத்தில் இடமில்லை என்று ஒன்றிய அமைச்சர் பின்னர் தெரிவித்தார். அந்த இடைக்காலத்தில், முந்தலில் சட்டமீறலாகப் புறப்பட்ட ஒரு குடும்பம், 17 வளைவுகளைக் கடந்து எல்லையைத் தொட்டதும் மன்னிக்கத்தக்க குடும்பமாக மாறியது. ஏற்றத்தினால் மனிதர் உயர்வர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று ஆய்வுலகில் இல்லை.

ஆகவே பின்னிருப்பை ஏற்று, அதனைக் குழந்தைக்கு ஏற்றதாக்குவது எவ்வாறு என்பதே எஞ்சும் வினா. முதற்கண் கால். குழந்தையின் கால் பின்னமர்பவருக்கான மிதியை எட்டாமல் தொங்குகிறது; இதனைத் தொங்குகால் என்று இக்கட்டுரை குறிக்கும். தொங்குகால் மூன்று தீமைகளை உடையது: மரத்துப்போகும், தந்தையின் விலாவை உதைக்கும், சக்கரத்துக்குள் நுழையும். முதலிரண்டும் பொறுக்கத்தக்கவை. மூன்றாவது, சக்கரக் கம்பிகளுக்கிடையே குதிகால் சிக்குதல், எலும்பு மருத்துவர்கள் நன்கறிந்த காயம். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி, பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பு ஒன்று வேண்டுமென்கிறது. ஆயினும் அவ்விதியின் மனக்கண்ணில் இருந்தது துணி. ஒருபக்கமாக அமரும் பெண்ணின் சேலை இடப்புறம் தொங்கும் என்பதால் சேலை கார்டு என்னும் கம்பி வலை இடப்புறத்தோடு நின்றுவிடுகிறது. குழந்தையோ இருபுறமும் காலிட்டு அமர்வது. எனவே வலப்புறத்துக்கும் ஒரு வலை வேண்டும். இரு வலைகளின் கண்களும் குழந்தையின் முன்பாதம் நுழையாத அளவுக்குச் சிறியனவாக இருத்தல் வேண்டும்.

கால்மிதியை உயர்த்துவது பட்டறைக்காரரின் பணி. சாலையோர வெல்டிங் பட்டறையில் விரல் பருமனுள்ள கம்பியை வளைத்து, பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றி, வழுக்காத சிறு மிதி ஒன்றைச் செய்துவிடலாம். எதனோடு அதனைப் பிணைப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது. பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்ம் என்னும் கவட்டையில் பொருத்தினால், சாலையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் குழந்தையின் முழங்கால் தாடையை நோக்கி உயரும். ஆடாத சேசிஸ் குழாயில் பொருத்தினால் உடலும் காலும் ஒன்றாக அசையும். ஆகவே சேசிஸே தகும். அதிலும் நேரடியாக வெல்டிங் வைக்கக் கூடாது. சூடு குழாயின் வலிமையைக் குறைக்கும், பதிவுச் சான்றில் உள்ளபடி வண்டி இருக்கவேண்டும் என்ற 52ஆம் பிரிவையும் உறுத்தும். யு கிளாம்ப் என்னும் வளைகவ்வியால் நட்டு, போல்ட் கொண்டு இறுக்கினால், குழந்தை வளர்ந்தபின் தடயமின்றிக் கழற்றிவிடலாம். நடைமுறையில் எவரும் கழற்றுவதில்லை. அது காய்கறிப் பை தொங்கவிடும் கொக்கியாக மறுபிறவி எடுக்கிறது.

சைலன்சர் பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை. வலப்புறக் கெண்டைக்காலில் நீள்வட்டத் தழும்பு இல்லாத தமிழரை இந்தத் தலைமுறையில் காண்பது அரிது. 1994இல் வந்த ஸ்பிளெண்டர் முதல் பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் வலப்புறமே அமைவதால், இடப்புறமாக மட்டுமே இறங்கவேண்டும் என்று குழந்தைக்குக் கற்பிக்கவேண்டும். கற்பித்தபின்பும் குழந்தை வலப்புறமே இறங்கும் என்பதால், துளையிட்ட தகடு ஒன்றைச் சைலன்சரைத் தொடாமல் சிறு காற்று இடைவெளி விட்டுப் பொருத்துவது அறிவுடைமை. சணல் சாக்கைச் சுற்றிக் கட்டும் பழக்கம் கைவிடத்தக்கது, அது புகையும்.

இருக்கையில்தான் போடி தன் தனிச்சிறப்பைக் காட்டுகிறது. ஏலக்காய்க்கு அடுத்தபடியாக இவ்வூர் பெயர்பெற்றது இலவம் பஞ்சுக்கு. மலையடிவாரத் தோட்டங்களில் விளையும் காய்கள் உடைக்கப்பட்டு, பஞ்சு பிரித்தெடுக்கப்பட்டு, மெத்தையும் தலையணையுமாகி வெளியூர் செல்கின்றன. இலவ இழை உள்ளீடற்ற நுண்குழாய். உள்ளே காற்றும் வெளியே மெழுகுப் பூச்சும் கொண்டிருப்பதால், எடை குறைந்தும் நீரை ஒட்டவிடாமலும் இருக்கும். இப்பண்பு கருதியே நுரைப்பொருள்கள் பரவுவதற்கு முன் கடற்பயணிகளின் உயிர்காப்பு அங்கிகளில் இதனை அடைத்தனர். போடிமெட்டுச் சாலையில் ஆடி மாதத்தில் விழுவது மழையா மூடுபனியா என்று பிரித்தறிய இயலாத ஈரம். அவ்வீரத்தில் பருத்திப் பஞ்சு ஊறிக் கனத்துப் போகும், இலவம் பஞ்சு தாங்கும். கடலில் மூழ்காமல் காத்த பொருள், மலையில் மூத்திரம் ஊறாமலும் காக்கும் என்பது நூல்களில் பதிவாகாத ஆனால் தாய்மார் அறிந்த உண்மை.

எனினும் இலவம் பஞ்சுக்கு ஒரு குறை: நாளடைவில் மசிந்து தட்டையாகும். வெயிலில் காயவைத்துத் தட்டி உப்பவைக்க வேண்டும். மேலுறையைப் பொறுத்தவரை, ரெக்சின் மழைக்கு நல்லது, வெயிலுக்குத் தீது. துணி வெயிலுக்கு நல்லது, மழைக்குத் தீது. ஆகவே ரெக்சின் மேல் ஒரு துண்டு விரிப்பது என்னும் நடுவழி எல்லா வீடுகளிலும் ஆய்வின்றியே எட்டப்பட்டுள்ளது. மெத்தை எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்பது, பின்வரும் பெரும் வினாவோடு தொடர்புடையது.

அவ்வினா காட்சி பற்றியது. பெரியோர் வசதி என்று எண்ணுவது மென்மை, சூடின்மை, விழாமை ஆகியவற்றை. குழந்தை வசதி என்று எண்ணுவது முன்னே வருவதைத் தானே பார்ப்பதை. டேங்கின் மேல் சுட்டும் குத்தியும் சரிந்தும் துன்புறும் குழந்தை அங்கிருந்து இறங்க மறுப்பதும், இலவ மெத்தையில் அமர்த்தப்பட்ட குழந்தை அழுவதும் இதனாலேயே. பின்னிருப்பில் குழந்தையின் முழுக் காட்சியும் ஒரு சட்டை முதுகு. கட்டம் போட்ட சட்டையாயினும் 17 வளைவுகளுக்கு அது போதாது. இதில் உடலியலும் உண்டு: உட்செவி திரும்புதலை உணர, கண்ணோ அசையாத ஒரு துணியைக் கண்டுகொண்டிருக்க, இரு செய்திகளும் முரண்படுவதால் குமட்டல் பிறக்கிறது. 2023 ஜூன் 15 முதல் சென்னை ரயில் போடி வரை வருவதால், விடுமுறைக்கு இறங்கும் சமவெளிக் குழந்தைகளிடம் இந்நோய் மிகுந்து காணப்படும் என எதிர்பார்க்கலாம். இதற்கு எலுமிச்சம்பழத்தை முகர்தல், புளிப்பு மிட்டாயை அடக்கிக்கொள்ளுதல், கேரிப்பையைக் கைவசம் வைத்தல் ஆகிய மூன்றும் மரபு வழி மருந்துகள். அவற்றுள் மூன்றாவதே ஏமாற்றாதது.

குழந்தையைத் தந்தையின் தோளுக்கு மேல் பார்க்கும் அளவுக்கு உயர்த்த ஒரு சாண் மெத்தை வேண்டும். அவ்வாறு உயர்த்தினால் வளைவில் வண்டியின் நிலை தடுமாறும். ஒரு கணக்கைக் காண்க: 10 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் வண்டி, செங்குத்திலிருந்து ஏறத்தாழ 17 பாகை சாயவேண்டும். வளைவுகளின் எண்ணிக்கையும் பாகையின் அளவும் ஒன்றாக அமைந்ததற்கு உட்பொருள் ஏதுமில்லை. ஆயினும் ஆய்வுலகில் இதனினும் மெலிந்த ஒற்றுமைகள் மீது கோட்பாடுகள் எழுந்துள்ளன. தந்தை உடலைச் சாய்க்கையில் குழந்தை எதிர்த்திசையில் நிமிர்ந்து அமர்வது இயல்பு. உயரம் கூடக்கூட அந்த எதிர்ச்சாய்வு வண்டியைத் தள்ளாடச் செய்யும். ஆகவே மெத்தை இரண்டு விரற்கடைக்கு மிகாமல் இருப்பது நன்று; தோள்மேல் பார்வையைக் கைவிட்டு, தந்தையின் கைக்கும் விலாவுக்கும் இடையே எட்டிப் பார்க்கும் அக்குள் பார்வைக்குக் குழந்தையைப் பழக்கவேண்டும். இதற்காகத் தந்தை முழங்கையைச் சற்றே அகற்றி ஓட்டவேண்டும், குளித்திருக்கவும் வேண்டும்.

அடுத்தது உறக்கச் சாய்வு, அதாவது பயணத்தின்போது முன்னறிவிப்பின்றி உறங்கிய குழந்தை ஒருபக்கமாகச் சரிதல். இதற்குத் துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொள்வது தந்தையர் வழக்கம். 2022 பிப்ரவரி 15 அன்று அறிவிக்கப்பட்டு ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த 138ஆம் விதியின் 7ஆம் உட்பிரிவு, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும், பாதுகாப்புக் கச்சையும் கட்டாயம் என்கிறது. கச்சை என்பது குழந்தை அணியும் மேலங்கி ஒன்றும், அதிலிருந்து எழுந்து ஓட்டுபவரின் தோளில் மாட்டப்படும் வார்களும் ஆகும். நைலானால் ஆனதும், நீர் புகாததும், 30 கிலோ எடையைத் தாங்குவதுமாக அது இருக்கவேண்டும். குழந்தையைத் துணியால் முதுகோடு பிணைத்தல் என்று முன்னர்க் கண்ட முதுவர் முறைக்கு, எடைத்தாங்கு அளவையும் அரசிதழ் எண்ணையும் சேர்த்தால் கிடைப்பது இதுவே. துண்டு இடுப்பை மட்டும் பிணைப்பதால் தலை தொங்குகிறது, முடிச்சு நழுவுகிறது. கச்சை தோள்களைப் பிணைப்பதால் மேலுடல் நிமிர்ந்து நிற்கிறது. எனவே கச்சை வெல்கிறது. வேக வரம்பைப் பொறுத்தவரை, போடிமெட்டு ஏற்றத்தில் முன்னே செல்லும் சரக்கு லாரியே அதனைத் தவறாமல் நடைமுறைப்படுத்திவிடும்.

குளிர் பற்றிச் சுருங்கக் கூறலாம். போடிக்கும் போடிமெட்டுக்கும் இடையேயுள்ள உயரத்தில் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும். அதனோடு வண்டியின் வேகக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. முந்தலில் ஸ்வெட்டர் வேண்டாம் என்று கழற்றும் குழந்தை, புலியூத்து அருவிக்கு அருகில் அதனைக் கேட்கும். மங்கி குல்லாயின் மேல் தலைக்கவசம் இறுக்கமாக அமராது என்பதால், குல்லாய்க்கு மாற்றாகக் கழுத்தைச் சுற்றி மெல்லிய துணியே தகும். அதன் முனைகள் சட்டைக்குள் செருகப்படவேண்டும்.

இத்தனை திருத்தங்களும் செய்தபின்னரும் தீராத சிக்கல் ஒன்று உள்ளது, அது ஹாரன். எதிர்வருவது தெரியாத கொண்டை ஊசி வளைவில் ஒலியெழுப்புவது மலைச்சாலையின் அடிப்படை நெறி. முன்னிருப்புக் காலத்தில் இப்பணி குழந்தையிடம் இருந்தது. 17 வளைவுகளிலும் ஒன்றும் தவறாமல், வளைவில்லாத இடங்களிலும் குறைவின்றி, அது நிறைவேற்றப்பட்டு வந்தது. பின்னிருப்புக்கு மாற்றப்பட்ட குழந்தை காட்சியை இழந்ததோடு பதவியையும் இழக்கிறது. அக்குள் பார்வையால் முன்னதை ஓரளவு ஈடுசெய்யலாம். பின்னதற்கு, ரப்பர் குமிழை அழுத்தினால் ஒலிக்கும் பாம்-பாம் ஹாரன் ஒன்றைப் பின்னிருக்கைக் கைப்பிடியில் பொருத்தும் வழி முன்மொழியப்படுகிறது. வெவ்வேறு சுரங்கள் அடுத்தடுத்து ஒலிக்கும் ஹாரன்களையும், மிகையாகக் கடுமையான, கீச்சிடும், உரத்த அல்லது அச்சமூட்டும் ஓசை தரும் கருவிகளையும் 119ஆம் விதி தடை செய்கிறது. குமிழ் ஹாரன் ஒற்றைச் சுரமுடையது என்பதால் முதல் தடையைக் கடந்துவிடும். இரண்டாவது தடையில், அச்சம் கருவியால் விளைவதா, அதனை அழுத்தும் விரலால் விளைவதா என்பதை விதி விளக்கவில்லை.